ஆடி மாசம், காலி பார்க்கிங், ஒரு கிளட்ச்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். கிளட்ச் டயகிராம் வரையத் தெரியுமா?

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மக்கள் எல்லாரும் கையைத் தூக்கியிருப்பீங்க. ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், டயாஃப்ரம் ஸ்பிரிங், ரிலீஸ் பேரிங். அம்புக்குறி போட்டு, பேர் எழுதி, ஸ்கேல் வெச்சுக் கட்டம் கட்டினா மார்க் வந்துடும். எனக்கும் வந்தது.

அடுத்த கேள்வி. அதே கிளட்சைக் காலால மிதிச்சு, ஒரு காரைப் பத்து அடி நகர்த்தத் தெரியுமா?

போன வருஷம் ஜூன் மாசம், ராத்திரி ரெண்டு மணிக்கு, என் அப்பாவுக்கு வயித்துல ஒரு பக்கமா தாங்க முடியாத வலி. கிட்னி ஸ்டோன்னு அப்புறம்தான் தெரியும். கார் போர்ட்டிகோவுல நிக்குது, சாவி ஆணியில தொங்குது. வீட்டுல மூணு பேர், ஓட்டத் தெரிஞ்சவர் ஒருத்தர், அவருக்குத்தான் வலி. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணலாம்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அப்பா சாவியை எடுத்துட்டார். வயித்தை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, முன்னாடி குனிஞ்ச மேனிக்கு நாலு கிலோமீட்டர் ஓட்டினார். ஒரு சிக்னல்ல இடது கால் நடுங்கி வண்டி ஆஃப் ஆயிடுச்சு. மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். பக்கத்து சீட்ல நான். ரெண்டு மாசம் முன்னாடிதான் கிளட்ச் டயகிராமுக்கு மார்க் வாங்கினவ.

அது தப்பான முடிவு. அந்த நிலைமையில யாரும் ஓட்டக் கூடாது. ஆனா தப்பு அவரோடது மட்டும் இல்லைன்னு அந்த சிக்னல்ல எனக்குப் புரிஞ்சது. அடுத்த வாரமே எல்.எல்.ஆர் போட்டேன். இந்தக் கட்டுரை, அதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கிழமைகள்ல நான் கத்துக்கிட்ட பாடம். உங்க வீட்டுலயும் ஒரு கார் நின்னு, ஒருத்தருக்கு மட்டும் ஓட்டத் தெரியும்னா, இது உங்களுக்குத்தான்.

பாடம் 0: காகிதமும் இடமும்

முதல்ல காகிதம். கார் ஓட்ட எல்.எல்.ஆர் வாங்க 18 வயசு முடிஞ்சிருக்கணும். அது 6 மாசம் செல்லும். வாங்கி 30 நாள் கழிச்சு லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். எல்.எல்.ஆர் வெச்சு ஓட்டும்போது முன்னாடியும் பின்னாடியும் எல் போர்டு இருக்கணும், பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஒருத்தர், தேவைப்பட்டா வண்டியை நிறுத்தற மாதிரி உட்கார்ந்திருக்கணும்.

"காலி கிரவுண்டுதானே, அதுக்கெதுக்கு எல்.எல்.ஆர்?"னு ஃபிரண்ட்ஸ் கேப்பாங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 'பொது இடம்'னா ரோடு மட்டும் இல்லை, பொதுமக்கள் உள்ளே வர உரிமை உள்ள எந்த இடமும் அதுல அடங்கும். அதனால காலியா இருக்குங்கறதால மட்டும் ஒரு பார்க்கிங் விதிவிலக்கு ஆயிடாது. காகிதம் இல்லாம யார் மேலயாவது இடிச்சுட்டா, இன்சூரன்ஸ் விஷயம் பெரிய தலைவலி.

அடுத்தது இடம். நல்ல இடத்துக்கு நாலு லட்சணம்: சமதளம், சிமென்ட் இல்லேன்னா தார்த் தரை, ஒரு பக்கமாவது 50 மீட்டர் நேர் நீளம், நடுவுல மனுஷங்க நடமாட்டம் இல்லை. கிரிக்கெட் கிரவுண்டு சரிப்படாது. ஞாயித்துக்கிழமை காலைல அங்கே கார்களை விடப் பந்துகள் அதிகம், பந்துக்குப் பின்னாடி பசங்க வேற ஓடி வருவாங்க.

கோயம்புத்தூர் பக்கம் எங்க ஏரியாவுல அப்பா கண்டுபிடிச்ச இடம், ஒரு கல்யாண மண்டபத்தோட பார்க்கிங். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது. முகூர்த்த நாள்ல ஸ்கூட்டி நுழைய இடம் இல்லாத அந்தப் பார்க்கிங், ஆடி முழுக்க வெறிச்சோடிக் கிடக்கும். மேனேஜர்கிட்ட அப்பா முன்கூட்டியே கேட்டுட்டார். வாட்ச்மேன் தாத்தா கேட்டைத் திறந்து விட்டுட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்குவார். எங்களுக்கு முதல் ஆடியன்ஸ் அவர்தான்.

பாடம் 1: இன்ஜின் ஆஃப்லயே பாதி வேலை

முதல் நாள் அப்பா அரை மணி நேரம் சாவியே தரலை. எனக்குச் செம கடுப்பு. இப்ப நான் யாருக்காவது சொல்லிக் கொடுத்தாலும் அதையேதான் செய்வேன்.

சீட்டை இப்படி அட்ஜஸ்ட் பண்ணுங்க: கிளட்சை முழுசா தரை வரைக்கும் மிதிச்சாலும் முழங்கால் லேசா மடங்கியே இருக்கணும். கால் விறைப்பா நீண்டா கிளட்சை மெதுவா விட முடியாது. அப்புறம் மூணு கண்ணாடி, அப்புறம் பெல்ட். ஹவாய் செருப்பைக் கழட்டிட்டு, அடி மெல்லிசா இருக்கிற ஷூ போட்டுக்கங்க.

மூணு பெடல், வலதுல இருந்து இடதுக்கு: ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச். வலது கால் ரெண்டைப் பார்த்துக்கும். இடது கால் கிளட்சுக்கு மட்டும். வலது காலோட குதிகால் தரையில, பிரேக்குக்கு நேரா ஊனி இருக்கணும். பாதம் மட்டும் ஆக்சிலேட்டருக்குச் சாயும், திரும்பி வரும். இந்தக் குதிகால் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி ஒரு கதை இருக்கு.

அப்புறம் கிளட்சை மிதிச்சுக்கிட்டு கியரைப் போட்டுப் பழகுங்க. ஒண்ணு, ரெண்டு, நியூட்ரல், மூணு, ரிவர்ஸ். கியர் ராடைப் பார்க்காம, நேரா பார்த்துக்கிட்டே. அப்பா லேத் பட்டறை வெச்சிருக்கார். அவர் சொன்னது: "கை பழகணும் கண்ணு. கண்ணுக்கு வேற வேலை இருக்கு."

பாடம் 2: நிறுத்தத் தெரிஞ்சப்புறம் நகரலாம்

நகர்றதுக்கு முன்னாடி நிறுத்தறதை மனசுல பதிய வைங்க. பழகற வேகத்துல, யாராவது "நிப்பாட்டு"னு கத்தினா, கிளட்ச், பிரேக் ரெண்டும் சேர்ந்து தரை வரைக்கும். கிளட்ச் இன்ஜினைச் சக்கரத்துல இருந்து பிரிக்கும், பிரேக் சக்கரத்தை நிறுத்தும். இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே இதைப் பத்து தடவை செஞ்சு பாருங்க.

மேனுவல் கார்ல புதுசா கத்துக்கிறவங்களுக்கு உள்ள பெரிய வசதி இதுதான். என்ன குழப்பம் வந்தாலும் கிளட்சை மிதிச்சா இன்ஜினோட தள்ளு அந்த நொடியே நின்னு போகும். வண்டி தானா நிக்காது, பிரேக் வேணும். ஆனா மேல மேல வேகம் எடுக்காது.

பாடம் 3: ஹாஃப் கிளட்ச், அதாவது அந்தப் புள்ளி

இப்ப தியரி கொஞ்சம். இன்ஜின் சும்மா நிக்கும்போதே நிமிஷத்துக்கு 800 சுத்து சுத்திக்கிட்டு இருக்கு. அதுக்குக் கீழே ரொம்ப இறங்கினா எரிஞ்சு ஓட முடியாம ஆஃப் ஆயிடும். சக்கரமோ சுத்தாம நிக்குது. சுத்தற ஒண்ணையும் நிக்கிற ஒண்ணையும் சேர்த்து வைக்கணும். அதுக்குத்தான் நடுவுல வழுக்கிக்கிட்டே சேர்ற ஒரு தட்டு.

ஓடுற பஸ்ல ஏறுறவங்களைப் பார்த்திருப்பீங்க. (நீங்களே ஏறியிருந்தா வெளியே சொல்லாதீங்க.) நின்ன இடத்துல இருந்து கம்பியைப் பிடிச்சா கை பிஞ்சிடும். பஸ்சோட கொஞ்ச தூரம் ஓடி, வேகம் ஒண்ணானதும் ஏறுவாங்க. கிளட்ச் வழுக்குற அந்த நேரம்தான் பஸ்சோட ஓடுற அந்தக் கொஞ்ச தூரம். காலைப் பட்டுனு எடுத்தா அந்த ஓட்டத்துக்கு நேரமே இல்லை. பிரஷர் பிளேட் முழு பலத்தோட அழுத்திடும். ஒரு டன் கிட்ட இருக்கிற வண்டியைக் கண் சிமிட்டற நேரத்துல கிளப்பற அளவுக்கு ஃப்ளைவீல்ல சேமிப்பு கிடையாது. வண்டி ஒரு குதி குதிச்சு ஆஃப் ஆயிடும்.

பயிற்சி இது. சமதளம், ஃபர்ஸ்ட் கியர், வலது கால் பிரேக் மேல தயாரா இருக்கட்டும், ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். கிளட்சை முழுசா மிதிச்சுட்டு, மில்லிமீட்டர் மில்லிமீட்டரா விடுங்க. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் லேசா கம்மும், பானெட் முன்பக்கம் கொஞ்சம் அசையும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கேயே காலை நிறுத்துங்க. வண்டி தானா ஊர ஆரம்பிக்கும். ரெண்டு மூணு அடி ஊர்ந்ததும் மிச்சத்தையும் மெதுவா விடுங்க.

இப்ப இருக்கிற பெட்ரோல், டீசல் கார்கள்ல ஐடில் வேகத்தை எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் பார்த்துக்குது. சுமை ஏறி சுத்து குறைஞ்சா அதுவே கொஞ்சம் காத்தும் எரிபொருளும் கூட்டித் தரும். அதனாலதான் சமதளத்துல ஆக்சிலேட்டர் இல்லாமலே வண்டி கிளம்புது.

எவ்வளவு வேகத்துல ஊரும்? கணக்குப் போடலாம். ஒரு சின்ன கார்ல ஃபர்ஸ்ட் கியர் ரேஷியோ 3.5, ஃபைனல் டிரைவ் 4ன்னு வைங்க. மொத்தம் 14. 800ஐ 14ஆல வகுத்தா சக்கரம் நிமிஷத்துக்கு 57 சுத்து. சக்கரத்தோட சுற்றளவு 1.7 மீட்டர்னா நிமிஷத்துக்கு 97 மீட்டர், அதாவது மணிக்கு 6 கி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. வேகமா நடக்கிற ஆள் வேகம். இந்தக் கணக்கைப் போட்ட அப்புறம்தான் என் பயம் பாதி போச்சு. கிளட்சை முழுசா விட்டாலும், ஆக்சிலேட்டரைத் தொடாத வரைக்கும், வண்டி என்னைத் தூக்கிக்கிட்டு எங்கேயும் பறந்துடாது.

முதல் ஞாயிறு எனக்கு 23 தடவை ஆஃப் ஆச்சு. எண்ணினது நான் இல்லை, வாட்ச்மேன் தாத்தா. கிளம்பும்போது சொன்னார்: "இருபத்தி மூணுங்க. அடுத்த வாரம் இருபதுக்குள்ள வந்துருங்க சாமி." அடுத்த வாரம் ஏழு.

பாடம் 4: ஆக்சிலேட்டரும், ஒரு பாதிக் கணக்கும்

ஹாஃப் கிளட்ச் காலுக்குப் பழகினதும் ஆக்சிலேட்டரைச் சேருங்க. புதுசா கத்துக்கிற எல்லாரும் செய்யற தப்பு, ஆஃப் ஆயிடுமோன்னு பயந்து ரேஸை உறும விட்டுக்கிட்டே கிளட்சை விடறது. வண்டி ஆஃப் ஆகாதுதான். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு.

இன்ஜின் வேகத்தை மாறாம வெச்சுக்கிட்டு கிளட்சை வழுக்க விடறீங்கன்னு வைங்க. கிளட்சோட ரெண்டு பக்கமும் டார்க் ஒண்ணுதான். இன்ஜின் பக்கம் முழு வேகம். சக்கரத்தோட பக்கம் வேகம் பூஜ்யத்துல இருந்து அந்த முழு வேகம் வரைக்கும் ஏறுது, சராசரி பாதி. பவர்ங்கறது டார்க்கையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வர்றது. அப்போ இன்ஜின் கொடுத்த எனர்ஜியில பாதிதான் வண்டிக்குப் போகுது. மீதிப் பாதி? கிளட்ச் பிளேட்ல வெப்பமா போகுது. நீங்க எவ்வளவு பதமா விட்டாலும் சரி, எவ்வளவு வேகமா விட்டாலும் சரி, அந்தப் பாதி தப்பாது.

ட்ரிபிள்-ஈ மக்களே, இது உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியா மாறாத வோல்டேஜ்ல சார்ஜ் பண்ணினா, ரெசிஸ்டர் மதிப்பு என்னவா இருந்தாலும் பாதி வெப்பமா போகுமில்ல, அதேதான்.

அப்போ எதைக் குறைக்க முடியும்? இன்ஜின் வேகத்தை. ரெண்டு பேரோட சேர்த்து வண்டி 900 கிலோன்னா, 800 சுத்துல கிளம்பும்போது கிளட்ச்ல போற வெப்பம் ஏறக்குறைய 1,200 ஜூல். அதையே 2,000 சுத்துல உறும விட்டுக் கிளப்பினா ஏறக்குறைய 7,400 ஜூல். வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும், அதனால ஆறு மடங்குக்கு மேல. மூணாவது ஞாயிறு வண்டிக்குள்ள ஒரு கருகின வாசனை வந்தது. "பட்டறைல பெல்ட் வழுக்கினா இதே வாசனைதான் வரும்"னு சொல்லி அப்பா இன்ஜினை நிறுத்திட்டு, பத்து நிமிஷம் டீ குடிக்கக் கூட்டிக்கிட்டுப் போனார். உங்களுக்கும் அந்த வாசனை வந்தா, அன்னைக்கு டீ குடிச்சே ஆகணும்.

இதனால கிடைக்கிற பழக்கம் ரெண்டு. கிளம்பும்போது ஆக்சிலேட்டரை ஒரு துளி மட்டும் கொடுங்க. வண்டி ஓடும்போது இடது காலைக் கிளட்ச் மேல சும்மா வெச்சுக்கிட்டு இருக்காதீங்க. உங்களுக்கு அது ஓய்வு, ரிலீஸ் பேரிங்குக்கும் பிளேட்டுக்கும் தேய்மானம்.

பாடம் 5: ரெண்டாவது கியர்

50 மீட்டர் நேர் பாதை இருந்தா ரெண்டாவது கியர் வரைக்கும் தாராளமா பழகலாம். ஆக்சிலேட்டரை விடு, கிளட்சை மிதி, கியரை மாத்து, கிளட்சை விடு, ஆக்சிலேட்டரைக் கொடு. அஞ்சு படி. முதல்ல வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. வெக்கமா இருக்கும், பரவாயில்லை.

கியர் மாத்தும்போது ஏன் வண்டி தூக்கிப் போடுது? மேல சொன்ன கார்லயே ரெண்டாவது கியர் ரேஷியோ 2ன்னு வைங்க, ஃபைனல் டிரைவோட சேர்த்து 8. ஃபர்ஸ்ட்ல 2,000 சுத்து ஓடும்போது மணிக்கு 15 கி.மீ. கிட்ட போறீங்க. அதே வேகத்துல ரெண்டாவது கியருக்கு இன்ஜின் 1,140 சுத்துதான் இருக்கணும். 2,000ல இருந்து 1,140க்கு இறங்க இன்ஜினுக்கு ஒரு நொடி அவகாசம் கொடுக்கணும். ஆக்சிலேட்டரை விடாம மாத்தினாலோ, கிளட்சைப் பட்டுனு விட்டாலோ, அந்த வித்தியாசம் எல்லாம் உங்க கழுத்துக்கு வரும்.

கியர்பாக்ஸ் உள்ளேயும் இதே வேகப் பிரச்சனை உண்டு. அதை சின்க்ரோமெஷ் பார்த்துக்குது. பல்லு சேர்றதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கூம்பு உரசி ரெண்டு பக்க வேகத்தையும் ஒண்ணாக்கும். அதாவது கியருக்கு உள்ளேயே ஒரு குட்டிக் கிளட்ச். 1928ல காடிலாக் கார்ல முதல்ல கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி ஓட்டினவங்க ஒவ்வொரு கியருக்கும் ரெண்டு தடவை கிளட்ச் மிதிச்சு, இன்ஜின் வேகத்தைக் காதால கணிச்சு மாத்தணும். பழைய லாரி டிரைவருங்க 'டபுள் கிளட்ச்'னு சொல்றது அதைத்தான். சின்க்ரோவுக்கும் ஒரு நொடி வேணும். அதனால கியர் ராடைக் குத்தாதீங்க. தள்ளிட்டு, அது உள்ளே போற வரைக்கும் லேசா அழுத்திக்கிட்டு இருங்க.

பாடம் 6: ரிவர்ஸ், அந்தக் கதை

காலி 20 லிட்டர் தண்ணி கேன் நாலு எடுத்துக்கிட்டுப் போங்க. ரெண்டு கார் அகலத்துக்கு நட்டு வெச்சு, நடுவுல முன்னாடி போய் பின்னாடி வாங்க. கேன் விழுந்தா கத்தாது, காசும் கேட்காது.

நாலாவது ஞாயிறு, ரிவர்ஸ். உடம்பை முழுசா திருப்பிப் பின்கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டு வந்தேன். நல்லாத்தான் வந்துச்சு. "நிப்பாட்டு"ன்னார் அப்பா. நிப்பாட்டினேன்னு நான் நினைச்சேன். உடம்பு திரும்பினதுல குதிகால் நகர்ந்திருக்கு. நான் அழுத்தினது ஆக்சிலேட்டரை. வண்டி உறுமிக்கிட்டுப் பின்னாடி பாய்ஞ்சது. பிரேக் பிடிக்கலைன்னு நினைச்சு இன்னும் அழுத்தினேன். அதுதான் இதுல இருக்கிற பயங்கரம்: தப்பான பெடலை மிதிக்கிறோம்னு காலுக்குத் தெரியாது. அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கிட்டே "கிளட்ச்!"னு கத்தினார். இடது கால் தானா இறங்குச்சு. வண்டி நின்னப்போ தாத்தாவோட சைக்கிளுக்கும் எங்க பம்பருக்கும் நடுவுல ரெண்டு அடி. அவர் ஸ்டூல்ல இருந்து எழுந்து நின்னிருந்தார்.

யாரும் எதுவும் பேசலை. நான் இறங்கி, இனிமே வேண்டாம்னு சொன்னேன். அப்பா அஞ்சு நிமிஷம் கழிச்சு, "அன்னைக்கு ராத்திரி எனக்கும் கால் நடுங்குச்சு. நடுங்கினா என்ன பண்ணணும்னு இன்னைக்கு உனக்குத் தெரிஞ்சுருச்சு. ஏறு"ன்னார். ஏறினேன். அதே ரிவர்சைப் பத்து தடவை எடுத்தேன். அடுத்த வாரம் தாத்தா சைக்கிளைக் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்துல சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தார்.

இதுல இருந்து மூணு விஷயம்: ரிவர்ஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி குதிகால் எங்கே இருக்குன்னு பாருங்க. சமதளத்துல ஹாஃப் கிளட்ச் மட்டும் போதும், ஆக்சிலேட்டர் வேண்டாம், வலது கால் பிரேக் மேலயே இருக்கட்டும். வண்டி நீங்க நினைச்சதுக்கு எதிரா நடந்தா, முதல்ல கிளட்ச்.

பாடம் 7: மேடு

சமதளம் பழகினதும் ஒரு சின்னச் சரிவு தேடுங்க. மண்டபத்து வாசல்ல மாப்பிள்ளை கார் ஏறி நிக்கிற சாய்வுப் பாதை ஒண்ணு இருந்தது. 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுற சாய்வுல 900 கிலோ வண்டியை நகராம பிடிச்சு வைக்கவே ஏறக்குறைய 880 நியூட்டன் வேணும். ஐடில்ல இருக்கிற இன்ஜின்கிட்ட இதைச் சும்மா எதிர்பார்க்க முடியாது. இங்கேதான் ஆக்சிலேட்டர் நிஜமா தேவை.

வழி இது: ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்துங்க. ஃபர்ஸ்ட் கியர். ஆக்சிலேட்டர் கொஞ்சம். கிளட்சை ஹாஃப் வரைக்கும் விடுங்க. இன்ஜின் சத்தம் கம்மி, வண்டியோட பின்பக்கம் லேசா அமுங்கும். அதாவது, வண்டி முன்னாடி போகத் துடிக்குது, ஹேண்ட் பிரேக் பிடிச்சு வெச்சிருக்கு. இப்ப ஹேண்ட் பிரேக்கை விடுங்க. ஒரு இஞ்ச் கூடப் பின்னாடி போகாது. செய்யக் கூடாதது: பிரேக் இல்லாம, கிளட்சும் ஆக்சிலேட்டரும் வெச்சே மேட்டுல நின்னுக்கிட்டு இருக்கிறது. பார்க்க ஸ்டைலா இருக்கும். ஆனா வண்டி நகராததால கிளட்சுக்கு வர்ற பவர் முழுக்க வெப்பம்தான். இங்கே பாதிக் கணக்கு கூடக் கிடையாது.

இறக்கத்துக்கு ஒரே விதி: நியூட்ரல் போடாதீங்க. பெட்ரோல் மிச்சம்னு சொல்வாங்க. ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டி கியர்ல இருந்து, காலை ஆக்சிலேட்டர்ல இருந்து எடுத்தா, பெரும்பாலும் எரிபொருளை அதுவே நிறுத்திடும். நியூட்ரல்லதான் ஐடில் ஓட எரிபொருள் வேணும். அதை விட முக்கியம், நியூட்ரல்ல வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான் மிச்சம். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி மாதிரி பாதையில பிரேக்கையே நம்பி இறங்கினா, அது சூடாகிப் பிடிமானம் குறைஞ்சுடும். லோ கியர்ல இறங்கினா இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்.

பார்க்கிங் சொல்லித் தராதது

காலி பார்க்கிங் கால்களுக்குத்தான் பள்ளிக்கூடம். கிளட்ச், கியர், ஸ்டியரிங் மூணும் யோசிக்காம வர்ற வரைக்கும் அங்கேயே இருங்க. ஏன்னா ரோட்டுல யோசிக்க வேற நிறைய இருக்கு: இண்டிகேட்டர் போடாம திரும்புற பைக், நடுவுல நிக்கிற பஸ், ரோட்டைக் கடக்கிற பாட்டி. காலைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருந்தா பாட்டி கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க.

டிரைவிங் ஸ்கூலும் போங்க. நானும் போனேன். அங்கே இன்ஸ்ட்ரக்டர் பக்கமும் பெடல் இருக்கும். அது பாதுகாப்பு. ஆனா பல நேரம் கிளட்ச் மிதிக்கிறது நாமளா அவரான்னே தெரியாது. ஸ்கூல்ல ரோடு கத்துக்கங்க, கிளட்சைப் பார்க்கிங்ல கத்துக்கங்க.

செப்டம்பர்ல லைசென்ஸ் வந்தது. அக்டோபர்ல அப்பாவுக்கு ஸ்கேன் ரிவ்யூ இருந்தது. சாவியை ஆணியில இருந்து நான் எடுத்தேன். அவர் ஒண்ணும் சொல்லாம இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அதே நாலு கிலோமீட்டர், அதே சிக்னல். பச்சை விழுந்ததும் ஹாஃப் கிளட்ச், ஒரு துளி ஆக்சிலேட்டர், வண்டி சத்தமே இல்லாம கிளம்புச்சு. பாராட்டுவாரோன்னு திரும்பிப் பார்த்தேன். தூங்கிட்டு இருந்தார். எனக்கு எந்த செமஸ்டர்லயும் அந்த கிரேடு வந்ததில்லை.

வீட்டுப்பாடம்: இந்த வாரம் வீட்டுக்குப் போனா, உங்க வீட்டுல கார் ஓட்டத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்னு எண்ணுங்க. விடை ஒண்ணுன்னா, எல்.எல்.ஆருக்கு அப்ளை பண்ணுங்க, பக்கத்துல எந்த மண்டபம் காலியா இருக்குன்னு விசாரிங்க. எங்க வீட்டுல இப்ப ரெண்டு. அடுத்த ஆடியில அம்மா வர்றாங்க. வாட்ச்மேன் தாத்தாகிட்ட சைக்கிளை மட்டும் முன்னாடியே நகர்த்தச் சொல்லணும்.